மேற்குப் பக்கத்தில் இருபத்தொன்று

முதல் கல் என் இடது தோளில் பட்டது. இரண்டாவது, கையிலிருந்த லேசர் அளவுக் கருவியைத் தட்டிக் கீழே போட்டது. மூன்றாவது வருவதற்குள் கிணற்றுச் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டேன். எழுபத்திரண்டு வயதில் அவ்வளவு வேகமாக உட்கார முடியும் என்பது எனக்கே தெரியாது.

எறிந்தவர், நான் அளக்கப் போன வீட்டைப் பங்குபோட்டிருந்த அண்ணன் தம்பியில் தம்பி. வீடு, பழவங்காடியிலிருந்து என் தப்படியில் அறுநூற்றுப் பன்னிரண்டு. இந்த மலையாளத்து ஊரின் கோட்டைக்குள், திருநெல்வேலியிலிருந்து வந்த வியாபாரக் குடும்பம் ஒன்று எப்போதோ கட்டிய மரவீடு. நடுவில் முற்றம், கிழக்கே ஒரு கட்டு, மேற்கே ஒரு கட்டு. அண்ணன் கிழக்கே, தம்பி மேற்கே. பதினோரு வருஷமாகப் பேச்சு கிடையாது. வீட்டை மரம் மரமாகக் கழற்றி எண் போட்டு, கல்லாற்றங்கரையில் விடுதி நடத்தும் ஒருவரிடம் கொடுத்துவிட அண்ணன் ஏற்பாடு செய்திருந்தார். அங்கே அதை அப்படியே திரும்ப நிறுத்துவார்கள். கோர்ட்டும் அண்ணன் பக்கமே சொல்லிவிட்டது.

என் வேலை, கழற்றுவதற்கு முன் வீட்டைக் கணினியில் கட்டுவது. முப்பத்திரண்டு வருஷம் அரசாங்கத்தில் வரைவாளராக இருந்தவன். ஓய்வுக்குப் பிறகு, பழைய கட்டடங்களை அளந்து முப்பரிமாணத்தில் எழுப்பும் சின்ன அலுவலகம் ஒன்றுக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தூணும் உத்தரமும் ஆணியும் திரையில் தனித்தனியாக நிற்க வேண்டும். எதை முதலில் எடுப்பது, எது எதைத் தாங்குகிறது என்பதை ஆசாரி அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்.

எங்கே உட்கார்ந்தாலும் எண்ணுகிறவன் நான். கிணற்றுக்குப் பின்னால் ஒளிந்திருந்தபோதும் எண்ணினேன். ஓட்டுக்கு அடியில் சாய்வாக இறங்கும் மரங்களைக் கழுக்கோல் என்பார்கள். அவற்றின் நுனிகள் இறவாரத்தில் நீட்டிக்கொண்டிருந்தன. கிழக்கே இருபத்திரண்டு என்று ஏற்கெனவே குறித்திருந்தேன். மேற்கே இருபத்தொன்று. மூன்று தடவை எண்ணினேன். மூன்று தடவையும் இருபத்தொன்று. நோட்டில் நாளும் நேரமும் போட்டு எழுதிவிட்டுக் குனிந்தபடியே வெளியே வந்தேன்.

அலுவலகத்தை நடத்தும் பெண் என் தோளைப் பார்த்தாள். முப்பது வயதுக்காரி, மலையாளி.

"அய்யோ அங்கிளே, மேற்கு எந்தாயி?"

"கதவைத் திறக்க மாட்டேங்கறான். கல்லெறியறான்."

"எந்நா மிரர் அடிச்சா போதும். இந்த மாதிரி வீடெல்லாம் ரெண்டு சைடும் ஒருபோலத்தானே?"

மிரர் என்பது ஒரு கட்டளை. பாதி வீட்டை வரைந்துவிட்டு நடுவே ஒரு கோடு போட்டால், மறுபாதி கண்ணாடியில் தெரிவதுபோல் வந்து நிற்கும். நான்கு விநாடி வேலை. இருபத்தொன்று என்று நான் அவளிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், "ஒண்ணு கூடி போயி நோக்குமோ?" என்று இன்னொரு தடவை போய்ப் பார்க்கச் சொல்லியிருப்பாள். தோள் அப்போது நீலம் பாரித்திருந்தது. கண்ணில் புரை இருக்கிறது, தப்பாக எண்ணியிருப்போம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மிரர் அடித்தேன். மேற்கேயும் இருபத்திரண்டு வந்து நின்றது. என் எண்ணிக்கையை நான் சந்தேகித்தது ஆயுசில் அந்த ஒரு தடவைதான். அதுவும் பயத்தில்.

கழற்ற வந்த ஆசாரி தக்கலைப் பக்கத்துக்காரர், ஐம்பது வயது தாண்டியவர். திரையில் வீட்டைச் சுழற்றிச் சுழற்றிக் காட்டினேன்.

"சாரே, உள்ளேயும் இப்படித்தானா இருக்கு?"

"ஆமா."

"நீங்க எண்ணின எண்ணுன்னா பெறவு நான் எண்ணாண்டாம்."

கிழக்குக் கட்டு ஒன்பது நாளில் இறங்கியது. செதுக்கு வேலை உள்ள பலகைத் தடுப்பு, அதாவது தட்டி, மழையில் நனையாமலிருக்க முதலில், அப்புறம் ஓடு, அப்புறம் கழுக்கோல். ஒரு மரம்கூட முனகவில்லை.

பத்தாம் நாள் காலை அண்ணன் தன் கடையில் மூட்டை தூக்கும் நான்கு பேரோடு மேற்கு வாசலில் வந்து நின்றார்.

"எலேய், வெளிய வா. கோர்ட்டு சொல்லியாச்சு."

"வாறேன். ஒன் தலைய எடுத்துக்கிட்டுத்தான் வருவேன்!"

கடப்பாரையால் ஆறு அடி. ஏழாவதில் கதவு பிளந்தது. உள்ளேயிருந்து வெட்டுக்கத்தி வந்தது. அண்ணனின் காதுக்குத் தப்பி நிலைக்காலில் இறங்கியது. பிறகு அளந்தேன், ஐந்து சென்டிமீட்டர் ஆழம். தம்பி கத்தியைப் பிடுங்கப் போராடும்போது அண்ணன் கடப்பாரையின் பின்முனையால் அவர் வாயில் இடித்தார். பல்லும் ரத்தமும் அண்ணன் சட்டையிலேயே தெறித்தன. நான்கு பேரும் தம்பியின் காலைப் பிடித்து இழுத்தார்கள். தலை படிகளில் மோதியது. மூன்று படி, மூன்று சத்தம். நான் எண்ணிக்கொண்டுதான் நின்றேன்.

தெருவில் கிடந்தபடி அவர் கத்தினார்: "அந்தத் தட்டியில கை வைக்காதீங்கலே! தட்டியத் தொடாதீங்க!"

"பல்லு போயும் வாய் அடங்கலியா ஒனக்கு?" என்றார் அண்ணன்.

ஆசாரி என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். சரி, ஆரம்பிக்கலாம் என்றுதான் அதற்கு அர்த்தம்.

உள்ளே புகை பிடித்த இருட்டு. அண்ணாந்து பார்த்துக் கழுக்கோல்களை எண்ணத் தொடங்கினேன். ஆசாரி முதல் பலகையைத் தட்டி எடுத்தார். இரண்டாவதை எடுத்தார். நான் பதினான்குக்கு வந்திருந்தேன். மூன்றாவது பலகை வந்தபோது அதோடு ஒரு கால்மரமும் சரிந்தது. மேலே ஏதோ நீளமாகக் கிழிந்தது. ஓடுகள் வாரிக் கொட்டியதுபோல் விழுந்தன. உத்தரம் இறங்கி, ஆசாரியின் வலது கையைக் கால்மரத்தோடு வைத்து நசுக்கியது. அந்த அலறலை நான் எண்ணவில்லை. உத்தரத்தைத் தூக்க ஆறு பேர் வேண்டியிருந்தது.

தூசி அடங்கியதும் அண்ணன் விழுந்த மரங்களிடையே ஒரு கழுக்கோலின் முனையைத் தூக்கிக் காட்டினார். நேராக அறுத்த முனை.

"பாத்தியளா, அறுத்து வச்சிருக்கான்! அதான் தொடாதேன்னு கத்தினான்!"

கூட்டம் தெருவுக்கு ஓடியது. எழுந்திருக்கப் பார்த்த தம்பியை அண்ணன் விலாவில் உதைத்தார், பிறகு யார் யாரோ உதைத்தார்கள். போலீஸ் வந்து ஆளைத் தூக்கிக்கொண்டு போனது.

நான் அந்த முனையை விரலால் தடவினேன். கரி அப்பியது. எந்தக் காலத்திலோ அங்கே அடுக்களை இருந்திருக்கிறது. புகை போக ஒரு கழுக்கோலைப் பாதியில் அறுத்துவிட்டு, அதன் பாரத்தைத் தட்டிக்குள் ஒளிந்த கால்மரத்தில் இறக்கியிருக்கிறார்கள். நுனி இறவாரம்வரை வரவில்லை, அதனால்தான் இருபத்தொன்று. என் திரையில் அந்தக் கால்மரம் கிடையாது.

இரண்டு நாள் வீட்டைவிட்டு நகரவில்லை. மூன்றாம் நாள் காலை நோட்டை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். அண்ணன் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்.

"சாரினு இதில எந்தா காரியம்?" என்று கேட்டார் எஸ்.ஐ.

"இருபத்தொண்ணு. கதவை உடைக்கறதுக்கு இருபத்தாறு நாள் முன்னாடி மூணு தடவை எண்ணினேன். அப்பவே அந்த மரம் இல்லை. அறுத்த இடத்துல பழைய கரி இருக்கு, போய்ப் பாருங்க."

"பட்சே பிளான்ல இருபத்திரண்டு உண்டல்லோ?"

"அது நான் போட்டது."

"அறிஞ்ஞுகொண்டா?"

"தெரிஞ்சேதான் போட்டேன்."

அண்ணன் எழுந்து என் சட்டையைப் பிடித்தார். இரண்டு பொத்தான்கள் போயின. கான்ஸ்டபிள் வந்து பிரிப்பதற்குள் கன்னத்தில் ஒன்று விழுந்தது.

கரியைப் பார்த்துவிட்டு வந்து, சாயங்காலம் தம்பியை விட்டார்கள். தெருவில் வாங்கிய அடியில் ஒரு கண் முழுக்க மூடியிருந்தது. என்னைத் தாண்டும்போது நின்றார். நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்தேன், இப்போது சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

"அன்னைக்கு மூணாவது கல்லையும் எறிஞ்சிருக்கணும்," என்றார்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நர்ஸ் ஆசாரியின் கட்டைப் பிரித்து மருந்து வைத்துக்கொண்டிருந்தாள். எல்லாம் அவர் காதுக்குப் போயிருந்தது. பார்த்தவுடனே தெரிந்தது. வாங்கிப்போன ஆரஞ்சுகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன். அவர் வலது கையை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"நீங்க எண்ணினா தப்பாதுல்லா சாரே. எண்ணுங்க."

மிச்சமிருந்த விரல்களை மனசுக்குள் எண்ணினேன்.

"சத்தமா எண்ணணும்."

"ரெண்டு," என்றேன்.

இடது கையால் ஓங்கி அறைந்தார். ஆயுசெல்லாம் உளி பிடித்த வேகம் அதில் இருந்தது. என் மூக்குக்கண்ணாடி சுவரில் பட்டு உடைந்தது. ஆரஞ்சுகள் கட்டிலுக்கு அடியில் உருண்டன. நர்ஸ் கத்திக்கொண்டே வெளியே ஓடினாள். அவர் கையை இறக்கவில்லை. கண்ணாடி இல்லாமல் எனக்கு அந்தக் கை ஒரு கலங்கலாகத்தான் தெரிந்தது.

"இன்னொருக்கா எண்ணுங்க," என்றார். "நீங்க மூணு தடவை எண்ணுவீங்கல்லா."