எழில்மதிக்கு எதிராக ஒரு கை

எந்தக் கான்ட்ராக்டரும் தன்னை ஓர் ஆளாக மதித்து அபிப்பிராயம் கேட்டதில்லை என்ற ஆத்திரம் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளியான தனகோட்டிக்கு வருஷக்கணக்காக இருந்தது. முதலில் கேட்டவள் பக்கத்து பிளாக் எழில்மதிதான்.

செல்போனில் தமிழ் எழுதும் மென்பொருள் ஒன்றை அவளும் நண்பர்களும் செய்து, யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தலாம் என்று இலவசமாக விட்டிருந்தார்கள். தனகோட்டி அதில் எழுதிப் பார்த்துப் பிழை சொல்பவர்.

2016-இல் ஒரு ஞாயிறு, அதே சுரங்கத்தில் பெர்மனென்ட் ஊழியனான அலெக்ஸின் குவார்ட்டர்ஸில் குழு கூடியது. அந்த மென்பொருளை முதலில் எழுத ஆரம்பித்தவன் அவன்.

"இனிமே குழு எடுக்கிற முடிவுல நிரல் எழுதுறவங்களுக்குத்தான் ஓட்டு. பிழை சொல்றவங்க கேட்டுகினு இருந்தா போதும்" என்றான் அலெக்ஸ்.

எழில்மதிக்குச் சுர்ரென்று ஏறியது. "பெர்மனென்ட், கான்ட்ராக்ட்டெல்லாம் மைன்ஸ் கேட்டோட நிக்கட்டும். தனகோட்டி அண்ணனுக்கு ஓட்டு இல்லன்னா எனக்கும் வேணாம். நிரல் எல்லாருக்கும் பொது. நகல் எடுத்து நாங்க தனியா நடத்திக்கிறோம்."

"நடத்தேன். எத்தினி பேரு வராங்கன்னு பாக்கலாம்."

தனகோட்டிதான் முதலில் எழுந்தார். பின்னாலேயே எல்லாரும் எழுந்துவிட, மின்விசிறிக்கு அடியில் அலெக்ஸ் மட்டும் மிஞ்சினான்.

புதுக் குழுவுக்கு எழில்மதியையே தலைவியாக்கினார்கள். வேலை கிடைத்துச் சென்னைக்கு பஸ் ஏறியபோது அவள் தனகோட்டியிடம் கடைசியாகக் கேட்டது ஒன்றுதான்.

"அண்ணே, நாளைக்கு நானும் அலெக்ஸ் மாதிரி பேசினா, ஓட்டுல எனக்கு எதிரா தூக்குற மொதக் கை ஒங்களுதா இருக்கணும்."