கிப்லாவுக்குத் திருப்பிப் போட்ட கட்டில்

கடந்த ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த கையோடு என் மனைவி ரிஸ்னாவை நாங்கள் மவுத்தாகிப்போனவளாகவே எண்ணிவிட்டோம். உறவுகளே, அவள் இன்று உயிரோடு இருக்கிறாள். அல்ஹம்துலில்லாஹ். அதைத்தான் சொல்ல வந்தேன். நான் கல்முனையில் மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி மீன் விற்பவன். தெருவில் கூவித்தான் எனக்குப் பழக்கம், பேச்சு முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவளுக்குச் சிறுநீரகத்தில் கல். அதை எடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். வந்த பிறகு குளிர் பிடித்து உடம்பு தூக்கிப்போட்டது. திரும்ப ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். இரத்தத்தில் கிருமி ஏறிவிட்டதாம். ஒரு ஊசி மருந்து ஏற்றினார்கள், கேட்கவில்லை. வேறொன்று ஏற்றினார்கள், அதற்கும் காய்ச்சல் அசையவில்லை. மருந்துகளை எதிர்த்து நிற்கப் பழகிய கிருமி என்று பரிசோதனையில் தெரிந்தது. சிறுநீர் நின்றுபோனது. முகம் ஊதிப்போய், என் பெண்சாதியை எனக்கே அடையாளம் தெரியவில்லை.

ஊரில் அவளுக்காகக் குர்ஆனின் யாசீனை ஓதினார்கள். நானும் ஆஸ்பத்திரித் தொழுகை அறையில் நெற்றியை நிலத்தில் வைத்து ஸுஜூதில் கிடந்தேன். "யா அல்லாஹ், உலகத்தில் இல்லாத ஒரு புது மருந்தை அனுப்பு" என்று கேட்டேன். பிறகு கேட்கவும் வார்த்தை வரவில்லை. அழுகைகூட வரவில்லை. நம்பிக்கையோடு துஆ கேட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன்.

அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு டொக்டர் என்னையும் ரிஸ்னாவின் மூத்த நானாவான என் மச்சானையும் கூப்பிட்டார். டொக்டர் காரைதீவுப் பிள்ளை, பொறுமையாகக் கதைப்பார்.

"முதல் குடுத்த அதே மருந்தைத்தான் திரும்பக் குடுக்கப் போறம்" என்றார். "கிருமி அதை உடைச்சுப் போட்டுது. இப்ப அதோட இன்னொரு மருந்தையும் சேர்த்து ஏத்துவம். ஆய்வுகூடத்தில செய்யிற மருந்து. அது தனிய நிண்டு கிருமியைக் கொல்லாது. மருந்தை உடைக்கிற கையைப் பிடிச்சு வச்சிருக்கும், அவ்வளவுதான். கொழும்பில இருந்து வருது. சரிவரும் எண்டு சத்தியம் பண்ண மாட்டன்."

நான் கேட்டது புது மருந்து. வந்தது தோற்றுப்போன மருந்து. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

வெளியே வந்ததும் மச்சான் என் தோளைப் பிடித்தார். "ஏலாமப் போயிட்டு எண்டதைத்தான் இப்பிடிச் சொல்றாங்க மச்சான். ஹயாத்தோட, மூச்சு இருக்கக்குள்ளயே ஊட்ட கொண்டு போவம். உம்மாட கையால தண்ணி குடிச்சிட்டுப் போகட்டும். கூட்டிப்போறதுக்குக் கையெழுத்தைப் போடுங்க."

எங்கள் பக்கத்தில் அப்படித்தான். இனி இல்லை என்றால் மக்கா இருக்கும் கிப்லாப் பக்கம் முகம் திருப்பி, கலிமா கேட்டுக்கொண்டு சொந்த வீட்டில் போகவேண்டும். மச்சான் சொல்லிவைத்த வேன் வாசலில் வந்து நின்றது. ரிஸ்னாவின் உம்மாவான மாமிக்குப் போன் எடுத்தேன்.

"வாங்க மகன், எல்லாம் ஒதுக்கியாச்சு" என்றார் மாமி. "மண்டபத்தில கட்டிலைக் கிப்லாப் பக்கம் திருப்பிப் போட்டிருக்கம்."

அது அவளுடைய சீதன வீடு. அவளே பார்த்துப் பார்த்துப் போட்ட கட்டில். மூச்சு ஓடுகிறவளுக்கு மையித்துக் கட்டிலா? என் குரல் எனக்கே கேட்கப் பயமாக இருந்தது. "மாமி, கட்டிலை இருந்த மாதிரியே போடுங்க. அவ இன்னும் மவுத்தாகல்ல!"

மச்சான் கோபித்துக்கொண்டு வேனில் தனியே போனார். நான் கையெழுத்துப் போடவில்லை. அது ஈமானா, வீம்பா, இன்றும் தெரியாது.

மருந்து வந்தது, ஏறியது. ஒன்றும் நடக்கவில்லை. மச்சான் சொன்னது சரியோ, அவளை வீணாக வதைக்கிறேனோ என்று கிடந்து துடித்தேன். பிறகு மெல்ல மெல்லக் காய்ச்சல் இறங்கியது. ஒரு காலையில் கண் திறந்து என்னைப் பார்த்து, "மீன் நாத்தம் இல்லாம இரிக்கீங்க, தொழிலுக்குப் போகல்லையா?" என்றாள். ஆஸ்பத்திரி வாட்டென்றும் பாராமல் ஓவென்று அழுதேன். மச்சான்தான் ஊருக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னார்.

அவளுடைய ஒரு சிறுநீரகம் முழுதாகத் திரும்பவில்லை. கதிரையில் உட்கார்ந்துதான் தொழுகிறாள். தொழுகிறாளே, அது போதும். அஞ்சு நேரமும் நானும் பள்ளியில் நிற்கிறேன். டொக்டர் எழுதித் தராமல் பாமசியில் கப்சூல் வாங்குகிற பழக்கம் எங்கள் வீட்டில் இப்போது இல்லை. அப்படிக் கண்டபடி விழுங்கித்தான் கிருமி மருந்துக்குப் பழகிவிடுகிறதாம்.

ஒன்றை மறைத்தால் இந்தச் சாட்சி பாழ். அதே வாட்டு வாசலில் என்னோடு நின்றவர் பாண்டிருப்பு அண்ணன் ஒருவர். அவருடைய மகளுக்கும் அதே மருந்துதான் ஏறியது. அவரும் கும்பிட்ட கையை இறக்கவில்லை. பிள்ளை போய்விட்டது. என் துஆ ஏன் கபூலானது, அவர் கேட்டது ஏன் கிடைக்கவில்லை என்று என்னிடம் கேட்காதீர்கள். அல்லாஹ் அறிந்தவன்.

இப்போது யாருடைய கட்டிலருகிலாவது இருக்கிற உறவுகளே, கேளுங்கள். வார்த்தை வராவிட்டால் சும்மா ஸுஜூதில் கிடந்துவிடுங்கள். நம்பிக்கை செத்துப்போனாலும் கேளுங்கள், எனக்கும் செத்துத்தான் போயிருந்தது. மூச்சு ஓடும்வரை உங்கள் ஆளை நீங்களே அடக்கம் செய்துவிடாதீர்கள்.