பூஜையில் வைத்த குஜெங்

என் அண்ணி அபயாம்பாளுக்குச் சிநேகிதி என்று சொல்லிக்கொள்ள இந்த அமெரிக்காவில் ஒரே ஒருத்திதான் இருந்தாள். ஷூஃபென், சீனாக்காரி. சான் ஹோசேயில் ஒரு பள்ளிக்கூட கஃபடீரியாவில் இரண்டு பேரும் பதினோரு வருஷம் பக்கத்தில் பக்கத்தில் நின்று பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டார்கள். இரண்டு பேர் இங்கிலீஷும் அரைகுறை. என்னதான் பேசிக்கொள்வார்களோ, சிரிப்புக்கு மட்டும் குறைச்சலில்லை. எனக்கு அதில் கொஞ்சம் பொறாமைகூட உண்டு, மறைப்பானேன்.

மாயவரத்தில் ஆறு வருஷம் வீணை கற்றவர் அண்ணி. கல்யாணமானதும் என் அண்ணன் சந்தானம், "அங்க யாரு கேக்கப் போறா?" என்று வீணையை ஊரிலேயே விட்டுவிட்டு வரச் சொன்னான். சங்கீதத்தில் அவனுக்கு ஒரு மண்ணும் தெரியாது. இருபது வருஷம் கழித்து ஷூஃபென் வீட்டில் குஜெங் என்கிற சீன வாத்தியத்தைப் பார்த்தார் அண்ணி. ஓர் ஆள் நீளப் பலகை, அதன்மேல் இருபத்தோரு தந்தி, ஒவ்வொரு தந்தியையும் தாங்கத் தனித்தனியாகக் குதிரை என்கிற ஒரு குட்டிக் கட்டை. ஷூஃபென் தந்திகளை வரிசையாக ஒரு தடவு தடவினாளாம். "நம்ம மோகனம்டி இது!" என்று அண்ணி எனக்கு ஃபோன் போட்டுக் கத்தினார். அதே ஐந்து ஸ்வரம். இல்லாத ஸ்வரம் வேண்டுமென்றால் இடது கையால் தந்தியை அழுத்தி வரவழைக்க வேண்டும். வீணை பழகிய விரலுக்குச் சொல்லியா தர வேண்டும்? சனிக்கிழமை தவறாமல் போய் உட்கார்ந்துவிடுவார். அழுத்துவது கூடிப்போய்க் கமகமாகவே வரும். ஷூஃபெனுக்கு அதுதான் பிடிக்கும். அவள் அம்மா பாடுகிற மெட்டு ஒன்றை அண்ணி வாசித்தால் அசையாமல் கேட்பாள்.

போன வருஷம் ஷூஃபெனுக்குக் கணையத்தில் புற்றுநோய் வந்தது. இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று செப்டம்பரில் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். குஜெங்கை அண்ணியிடமே கொடுத்துவிட்டாள். நினைவு இருக்கும்போதே அந்த மெட்டை ஒரு தரம் வாசித்துக் காட்டு என்று மட்டும் கேட்டாள். புதன்கிழமை சாயங்காலம் வருகிறேன் என்று வாக்குக் கொடுத்தார் அண்ணி. அன்றைக்கு சரஸ்வதி பூஜை என்பதைக் கவனிக்கவில்லை.

பூஜைக்குக் காலையிலேயே நான் அண்ணி வீட்டுக்குப் போய்விட்டேன். ஹாலில் குஜெங் சாத்தியிருந்தது. கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? வாத்தியம் இல்லாமல் என்ன சரஸ்வதி பூஜை என்று அதைத் தூக்கிப் படத்துக்கு முன்னால் கிடத்தி, சந்தனம் குங்குமம் இட்டுப் பூவும் சாத்தினேன். அண்ணிக்கும் சந்தோஷம்தான். மூன்றரை மணிக்கு வேன் சாவியோடு வந்து, பூவை எடுக்கக் குனிந்தார்.

"என்ன அண்ணி பண்றீங்க? பூஜைல வெச்சத இன்னைக்கே எடுப்பாங்களா? நாளைக்குப் புனர்பூஜை முடிச்சுட்டுத்தான் தொடணும்."

"ஷூஃபென் வெயிட் பண்ணிட்டிருப்பா வான்மதி. ப்ராமிஸ் பண்ணிருக்கேன்."

"ஒரு நாள்ல என்ன ஆயிடப் போகுது? விஜயதசமி அன்னைக்கு வாசிச்சா இன்னும் விசேஷம். காலைல நானே டிரைவ் பண்றேன்."

அண்ணி சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நானும் நின்றேன், விட்டுக்கொடுப்பதாக இல்லை. என்னை எதிர்த்துப் பேசி அவருக்குப் பழக்கமில்லை. நாலு மணிக்கு ஃபோன் போட்டார். ஷூஃபெனின் கணவர் லியூ எடுத்தார். உள்ளே போய் அவளிடம் கேட்டுவிட்டு வந்து, பரவாயில்லை, நாளைக்கே வரலாமாம் என்றார். எனக்கு ஜெயித்த மாதிரி இருந்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்கெல்லாம் பூஜையை முடித்து, குஜெங்கை வேனில் ஏற்றிக்கொண்டு போனோம். லியூ வாசலிலேயே நின்றிருந்தார். ஷூஃபென் ஆறு மணிக்கே போய்விட்டாளாம்.

எங்களை உட்காரவைத்து டீ கொடுத்தார் அந்த மனுஷர். குற்றம் சொல்லவில்லை, முதல் நாள் நடந்ததை அப்படியே சொன்னார். காலையில் நர்ஸ் வலிக்கு மார்ஃபின் கொண்டுவந்தபோது ஷூஃபென் வேண்டாம் என்றுவிட்டாளாம். அதைக் குடித்தால் தூங்கிவிடுவேன், அபயம் வரும்போது முழித்திருக்க வேண்டும் என்றாளாம். மத்தியானமும் வேண்டாம் என்றாளாம். போர்வையைப் பல்லால் கடித்துக்கொண்டே கிடந்திருக்கிறாள். நாலு மணிக்கு, நாளைக்குத்தான் வருகிறார்கள் என்று லியூ சொன்ன பிறகு, அப்படியானால் இப்போது கொடு என்றாளாம். அதற்கப்புறம் அவள் கண்ணைத் திறக்கவில்லை.

என்னால் தலையைத் தூக்க முடியவில்லை. பாவி நான். சாகக் கிடந்தவளை விட எனக்குச் சந்தனமும் குங்குமமும் பெரிதாகப் போய்விட்டது. சரஸ்வதியா கேட்டாள் என்னை?

அண்ணி அழவில்லை. லியூவைப் பார்த்துத் தமிழிலேயே கேட்டார்.

"நாலு மணி வரைக்குமா?"

அவருக்குப் புரியவில்லை. அண்ணி மறுபடியும் அதையே தமிழில் கேட்டார். நான்தான் அதை இங்கிலீஷில் கேட்க வேண்டியிருந்தது. ஆமாம், நாலு மணி வரைக்கும் என்றார் லியூ.