சர்க்கரை ஏறிடுச்சி

எங்கள் வீட்டுக்காரருக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை. டாக்டர் சொன்ன அன்றே சமையலறையில் இருந்த சர்க்கரை டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன். ரேஷனில் போடுகிற சர்க்கரையைக்கூட வாங்கின கையோடு எதிர்வீட்டில் கொடுத்துவிட்டுத்தான் எங்கள் வாசல்படி ஏறுவேன். அப்படியும் ஒவ்வொரு டெஸ்டிலும் ஏறித்தான் இருக்கும். டாக்டர் மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போனார். நான் இவரை முறைப்பேன், இவர் மின்விசிறியைப் பார்ப்பார்.

ஊரடங்கு வந்தபோது உத்திரமேரூரே தலையில் கை வைத்துக்கொண்டது. நான் மட்டும் உள்ளுக்குள் குஷியாக இருந்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை. இவர் வேலை பார்த்த நெல் மண்டி மூடிவிட்டது. பஸ் ஸ்டாண்டில் ஒரு கடை இல்லை. மனுஷன் இருபத்துநாலு மணி நேரமும் என் கண்ணெதிரில். நான் போட்டதைத்தான் தின்றாக வேண்டும். காலையில் கேழ்வரகுக் களி, ராத்திரி இரண்டு சப்பாத்தி. இனி டெஸ்ட் எடுத்தால் டாக்டரே என்னைக் கையெடுத்துக் கும்பிடுவார் என்று நினைத்துக்கொண்டேன்.

இதற்கிடையில் எதிர்வீட்டுக்காரர் சென்னையிலிருந்து காய்ச்சலோடு வந்தார். அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவர் பெண்சாதியை வீட்டுக்குள்ளேயே இருக்கவைத்து, வாசலில் ஆள் உயரத்துக்குத் தகரம் அடித்தார்கள். பத்து வருடம் அவளுக்குச் சர்க்கரை கொடுத்துப் பழகிய நான், அன்றே எங்கள் தெருப்பக்க ஜன்னலைச் சாத்தினேன். அந்தப் பயம் என்னை அப்படி ஆட்டிவைத்தது.

பத்துப் பன்னிரண்டு நாள் போயிருக்கும். ஒரு காலை இவர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். களி இன்னும் அடுப்பில் இருந்தது. கிண்டி முடித்துத் தட்டோடு வந்து பார்த்தால் சட்டை தொப்பலாக நனைந்திருக்கிறது. கை நடுங்குகிறது. என்ன என்று கேட்டால் பேச்சு குழறுகிறது. எங்கள் வீட்டுக்கும் அந்த நோய் வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

தெருவுக்குத் தினமும் காய்ச்சல் பார்க்க வரும் நர்ஸம்மாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். காய்ச்சலைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேர்க்கிறதா, நடுங்குகிறதா, மாத்திரை போட்டாரா, சாப்பிட்டாரா என்று கடகடவென்று கேட்டார்.

"சர்க்கரை கொறஞ்சி போய்கீதும்மா" என்றார்.

இந்த வார்த்தையைக் கேட்கத்தானே பத்து வருடமாகச் சாமிக்கெல்லாம் வேண்டிக்கொண்டேன். "கொறஞ்சா நல்லதுதானே நர்ஸம்மா?"

"ஏறுனா மெதுவா பாத்துக்கலாம். இந்த மாதிரி கொறஞ்சா ஆளே போயிடும். முழுங்குறாரா பாரு. சர்க்கரைய தண்ணில கரைச்சி இப்பவே குடு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சர்க்கரைக்கு நான் எங்கே போவேன்? வெல்லம் கிடையாது, தேன் கிடையாது, பண்டிகைக்குக்கூட ஒரு கற்கண்டு வாங்கியதில்லை. இவருக்கு எமனாகும் என்று எதையெல்லாம் துரத்தினேனோ, அதில் ஒரு சிட்டிகைக்கு நான் இப்போது வீடெல்லாம் தேடுகிறேன். தேடி என்ன பயன்? செருப்புக்கூடப் போடாமல் தெருவைத் தாண்டி ஓடினேன். எந்தத் தகரத்தைப் பார்க்கப் பயந்து ஜன்னலைச் சாத்தினேனோ, அதையே இரண்டு கையாலும் தட்டினேன்.

"சர்க்கரை கீதா? அவரு மயக்கமா கீறாரு, சர்க்கரை வேணும்."

அவள் ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. உள்ளே ஓடுகிற சத்தம் கேட்டது. தகரத்துக்கு மேலே ஒரு பை பறந்து வந்தது. "நீ குடுத்ததுதான்க்கா" என்று குரல் மட்டும் வந்தது. முந்தானையில் ஏந்திப் பிடித்துக்கொண்டு திரும்பி ஓடினேன்.

நல்லவேளை, இவருக்கு நினைவு போகவில்லை. நர்ஸம்மா போனிலேயே இருந்தார். டம்ளரில் சர்க்கரையைக் கரைத்து வாயில் வைத்தேன். ஒரு வாய் முழுங்கினார். இன்னொரு வாய். பாதி டம்ளர் இறங்கியதும் அரைக்கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். பார்த்தாரே தவிர, அவருக்கு நான் என்று தெரியவில்லை.

"மாஸ்டர், சர்க்கரை பத்தல. டெய்லி போடுறாப்புல போடு."

போனில் நர்ஸம்மா சிரித்தேவிட்டார். மண்டிக்கு எதிரில் இருந்த டீக்கடை எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. இவர் ஒளித்துக் குடித்த டீயின் சர்க்கரைக்கும் சேர்த்துத்தான் டாக்டர் இத்தனை வருடமும் மாத்திரை எழுதியிருக்கிறார். கடை மூடிவிட்டது, மாத்திரை மட்டும் அப்படியே ஓடியிருக்கிறது. டாக்டரைக் கேட்டுச் சொல்லும்வரை அடுத்த மாத்திரை வேண்டாம் என்றார் நர்ஸம்மா.

மிச்சத் தண்ணீரை அப்படியே இவர் தலையில் கொட்ட வேண்டும் போல இருந்தது. அத்தனை கோபம். அதற்குள் இவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். குழறல் இல்லை, முழுசாகச் சொன்னார். நான் ஓவென்று அழுதேன். அழுதுகொண்டே இன்னொரு ஸ்பூன் அள்ளிப் போட்டேன்.

எதிர்வீட்டிலிருந்து தகரம் தட்டுகிற சத்தம். "அக்கா, இன்னா ஆச்சி? அண்ணன் எப்படி கீறாரு?"

சாத்தியிருந்த ஜன்னலை இரண்டு கையாலும் தள்ளித் திறந்தேன். தெருவே கேட்கும்படி கத்தினேன்.

"ஏறிடுச்சி! அவருக்குச் சர்க்கரை ஏறிடுச்சி!"