கதவுக்கு முட்டுக் கொடுத்த கட்டை

கத்திகளுக்குப் பிடி போட்டுக் கொடுக்கும் அவருக்கு மச்சான் வைத்த பெயர் ‘அவசரம்’. அதுவே ஒட்டிக்கொண்டது. சட்டைப் பொத்தானைத் தெருவில் நடந்தபடி போடுகிற மனிதருக்கு வேறு என்ன பெயர் வைப்பதாம்?

தொழிற்சாலை மூடப்பட்டு அவர் கையைப் பிசைந்துகொண்டு நின்ற நாட்களில், முதல் பிடியைச் செய்யச் சொன்னவர் சந்தையில் மீன் வெட்டும் அக்கா. அதோடு விட்டாரா? சந்தை முழுக்க அவர் பெயரைச் சொல்லி வைத்தார். இன்று தன் வீட்டில் அடுப்பெரிவது அந்த அக்காவால்தான் என்று சொல்ல அவர் ஒருநாளும் கூச்சப்பட்டதில்லை.

அதே அக்கா ஒருநாள் உள்ளங்கையில் கட்டோடு வந்து நின்றார். தண்ணீரில் ஊறி ஊறிப் பிடி உப்பி வெடித்து, வெட்டும்போதே கையில் சுழன்றுவிட்டது.

“இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா விரல் மடங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு தம்பி. அப்புறம் கடையை மூட வேண்டியதுதான்.”

“தண்ணி குடிக்காத பிடியா போட்டுத் தரேன்க்கா,” என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

அதற்கு வழி இருக்கிறது. மரத்தை ஓவனில் சொட்டு ஈரமில்லாமல் காயவைத்து, ஆறவிட்டு, மூடியுள்ள பாத்திரத்தில் பிசினுக்குள் அமுக்கி, உள்ளிருக்கும் காற்றைப் பம்பால் உறிஞ்ச வேண்டும். பம்பை நிறுத்தி ஊறவிட்டால் காற்று போன இடத்தில் பிசின் புகும். மறுபடி ஓவனில் வைத்தால் உள்ளேயே இறுகிவிடும். பழைய கம்ப்ரஸர் ஒன்றைப் பம்பாக்கிக் கொடுத்தது ஃபிரிட்ஜ் மெக்கானிக்கான மச்சான்தான்.

சாதாரண மரம் இரண்டு மணி நேரத்தில் காற்றை விட்டுவிடும், ஆனால் மீன் வெட்டும் அடியைத் தாங்காது. அவரிடம் இருந்ததோ இரும்பாய்க் கனக்கும் ஒரே துண்டு. குமிழிகள் கஞ்சத்தனமாக ஒவ்வொன்றாக வந்தன. மதியம் அவை நின்றதுபோலத் தெரிந்ததுதான் தாமதம், பம்பை நிறுத்தி, அரைமணி ஊறவைத்து, ஓவனுக்குள் தள்ளிவிட்டார். பளபளவென்று வெளியே வந்தது.

“எவ்வளவு குடிச்சிருக்குன்னு நிறுத்துப் பாத்தீங்களா?” என்று மனைவி சமையலறைத் தராசை நீட்டினாள்.

மூன்றே கிராம் ஏறியிருந்தது. பளபளப்பெல்லாம் மேலோட்டம். மேலே பிசின் இறுகிவிட்டதால் திரும்ப ஊறவைக்கவும் வழியில்லை.

“பார்த்தா யாருக்குத் தெரியப் போகுது?” என்றான் மச்சான்.

“அக்கா கைக்குத் தெரியும் மச்சான்.”

மரக்கடை மரக்கடையாக ஏறி இறங்கினார். அவ்வளவு கெட்டியான மரம் எங்கும் இல்லை. அவர் புலம்பலைக் கேட்டுக் காது புளித்துப்போன மனைவி, சமையலறைக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த கட்டையைக் காலால் தள்ளினாள்.

“பதினெட்டு வருஷமா இதுல கால் இடிச்சுக்கிறீங்களே, இது மரமில்லையாமா?”

அறுத்துப் பார்த்தார். நெருக்கமான ரேகை, ஒரு விரிசல் கிடையாது. அசடு வழிந்தார்.

இந்த முறை காவல் பொறுப்பை அவளே எடுத்துக்கொண்டாள். “நான் சொல்றதுக்கு முன்னாடி மூடியில கை வெச்சீங்க, அப்புறம் தெரியும் சேதி.” மூன்று நாள் பம்பு ஓடியது, பத்து நாள் மரம் ஊறியது. அவர் பரண்மேல் இருந்ததையெல்லாம் இறக்கித் துடைத்து மறுபடி ஏற்றினார். கடைசியில் ஓவனில் இறுக்கி நிறுத்தபோது முப்பத்தோரு கிராம் ஏறியிருந்தது. அதைப் பிடியாக்கி அக்காவின் கத்தியில் போட்டுக் கொடுத்தார்.

எட்டு மாதம் கழித்து அக்கா ஆளனுப்பிக் கூப்பிட்டார். பயந்துகொண்டே போனார். அக்கா அந்தக் கத்தியைக் கழுவித் துடைத்து மீன் தராசில் வைத்தார். வாங்கிய அன்றே எடையைச் சுவரில் எழுதி வைத்திருந்தார். தராசும் அதே எண்ணைத்தான் காட்டியது.

“சொட்டுத் தண்ணி குடிக்கலை தம்பி. இங்க பாரு,” என்று ஐந்து விரலையும் மடக்கி விரித்துக் காட்டினார்.

அவர் நேராக வீட்டுக்கு நடந்தார். வீட்டுக்குள் நுழைந்ததும் வழக்கம்போலக் கால் இடித்தது. இப்போது கதவுக்கு முட்டாக இருப்பது அந்தப் பளபளப்பான, வீணாய்ப்போன துண்டு.

“இடிச்சுட்டீங்களா?”

“இடிச்சா இடிக்கட்டும். அக்காவுக்கு விரல் அஞ்சும் மடங்குது. உன்னாலதான்.”

மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். “ஆரம்பத்துலேருந்து சொல்லுங்க.”

அவர் ஒன்றுவிடாமல், நிதானமாகச் சொன்னார்.