கழுத்துச் சிறுத்த செம்பு

என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், பாலிடெக்னிக்கில் முப்பது வருஷம் லேத்தைப் பற்றிப் பாடம் நடத்தியவர். லேத்தில் ஒரு பொருளைச் செய்து இறக்கியவர் அல்லர். ரிட்டயர் ஆகி நாசரேத்தில் உட்கார்ந்த பிறகு, சனிக்கிழமை தோறும் பஸ் ஏறித் தூத்துக்குடிக்கு வருவார். என் வீட்டுப் பின்பக்க ஷெட்டில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு என் வேலையைத் திருத்துவார். கையால் அல்ல, வாயால்.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். உப்பளங்களில் பம்புசெட் பழுது பார்ப்பது என் பிழைப்பு. லேத் என் ஆசைக்கு. பழைய இரும்புக் கடையில் பிடித்த மெஷின் அது. உப்புக்காற்று தின்றுவிடாமல் தினமும் எண்ணெய்த் துணியால் துடைத்து வைக்கிறேன். அதில் நான் செய்வது ஒரே காரியம்தான். வட்டமாக வெட்டிய தகட்டை ஒரு மரக்கட்டையின் முகத்தோடு சேர்த்து இறுக்கிச் சுழலவிடுவேன். மெழுகுவர்த்தித் துண்டை அதன்மேல் தேய்ப்பேன். நீளக் கம்பியை அக்குளில் இடுக்கி அமுக்கிக்கொண்டே வந்தால், தகடு மெல்ல மெல்லக் கட்டையின் மேல் படிந்து அதன் உருவத்தை வாங்கிக்கொள்ளும். கிண்ணம், தட்டு, மூடி. யாரும் கேட்டுச் செய்வதில்லை.

எனக்குப் பயம் ஜாஸ்தி. தகடு நழுவினால் பறக்கும், பறந்தால் கழுத்துக்கு வரும். ஆகவே இறுக்கியதை மூன்று தடவை இறுக்குவேன். பைக் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டுதான் ஸ்விட்சைப் போடுவேன். வேலைக்குக் கிளம்பித் தெருமுனை வரை போனவன் ஸ்விட்சை அணைத்தேனா என்று பார்க்கத் திரும்பி வருவதும் உண்டு. மச்சானுக்கு இது போதும்.

"என்ன மாப்ளே, லேத் ஓட்டப் போறீரா, திருச்செந்தூருக்குப் பைக் ஓட்டப் போறீரா?"

அவரே சொல்லி அவரே சிரிப்பார். நானும் ஹெல்மெட்டுக்குள் சிரித்து வைப்பேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நாக்கு கசக்கிறது.

அந்த வாரம் அவர் சனிக்கிழமைக்குக் காத்திருக்காமல் புதன்கிழமையே வந்துவிட்டார். கையில் சுருட்டிய சார்ட் பேப்பரும் ஒரே ஒரு தாமிரத் தகடும். வரும் ஞாயிறு நாசரேத்தில் அவர் பேத்திக்கு ஞானஸ்நானம். குழந்தையின் தலையில் தண்ணீர் ஊற்றும் செம்பைத் தன் கையாலேயே செய்து தருவதாகப் போதகரிடம் சொல்லிவிட்டாராம். போதகர் முந்தின ஞாயிறே ஆராதனை முடிவில் அதை அறிவித்தும்விட்டாராம்.

"தாமிரத்துல செய்யணும் மாப்ளே. நீரு மெஷினை மட்டும் விடும். கைய வைக்கக் கூடாது. தாத்தா செஞ்சதுன்னு அவ பெரியவளாகிச் சொல்லணும்லா?"

படத்தை விரித்தார். அழகான படம், ஒத்துக்கொள்கிறேன். பெருத்த வயிறு, சிறுத்த கழுத்து, விரிந்த வாய். ஓரமெல்லாம் பென்சில் கணக்கு. வியாழக்கிழமை பகல் முழுக்க, தோணி கட்டுகிற இடத்திலிருந்து நான் வாங்கி வைத்திருந்த வாகைக் கட்டையை லேத்தில் மாட்டி, அந்த வடிவத்துக்குக் கடைந்திருக்கிறார். சாயங்காலம் உப்பளத்திலிருந்து வந்து பார்த்தேன். வழவழவென்று இருந்தது. ஒரே கட்டையாகவும் இருந்தது.

கிண்ணத்துக்கு ஒரே கட்டை போதும். வாய் அகலம், செய்து முடித்தால் உருவிவிடலாம். கழுத்துச் சிறுத்த பாத்திரத்துக்கு அது ஆகாது. தகடு கழுத்தில் படிந்தபின் உள்ளே இருக்கும் பெரிய கட்டை சின்ன வாய் வழியாக எப்படி வெளியே வரும்? அதற்குக் கட்டையைப் பலாச்சுளை மாதிரி பல துண்டாகச் செய்து, நடுவில் ஓர் ஆப்பு வைக்க வேண்டும். ஆப்பை உருவினால் துண்டுகள் உள்ளே சரிந்து ஒவ்வொன்றாக வாய் வழியே வரும். ஒரு நல்ல அலுமினியத் தகட்டை வீணாக்கி இதைக் கற்றுக்கொண்டவன் நான். இரண்டாவது தடவை சரியாக வந்த செம்பு எங்கள் அடுப்படி அலமாரியில் இருக்கிறது. அவர் அதில் தண்ணீர் குடித்திருக்கிறார்.

"மச்சான், இந்தக் கட்டை..." என்று ஆரம்பித்தேன்.

"பேசாம இரும் மாப்ளே. இது டிசைன். ஒன்பதாங்கிளாஸ்ல நடத்தியிருக்க மாட்டாவ."

வாயை மூடிக்கொண்டேன். அப்போது மூடியதை வெள்ளிக்கிழமை அவர் வேலை முடியும் வரை திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை லீவு போட்டு ஷெட்டில் ஸ்விட்சுக்குப் பக்கத்திலேயே நின்றேன். தகடு பறந்து மனிதர் செத்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் வேறு. ஹெல்மெட்டை நீட்டினேன், வேண்டாம் என்றார். அவர் பார்க்காதபோது இறுக்கத்தை நானே இரண்டு சுற்று கூட்டிவிட்டேன். உயிர்மேல் இவ்வளவு கவலைப்பட்டவன் கட்டையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கை நன்றாகவே ஓடியது அந்த மனிதருக்கு. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கட்டையில் படியவிடாமலேயே தகட்டை முதலில் பாதி வளைத்தார். இறுகிப்போன தகட்டைக் கழற்றிச் சூடாக்கி இளக்கி மறுபடி மாட்டினார். கடைசியாகக் கழுத்தைச் சுருக்கமே விழாமல் படியவைத்தார். முதல் தாமிரத்தில் நான்கூட அப்படிச் செய்ததில்லை. மெஷினை நிறுத்தி, துணியால் துடைத்து, இரண்டு கையாலும் செம்பைப் பிடித்து இழுத்தார்.

வரவில்லை.

"ஒட்டிக்கிட்டு. கொஞ்சம் சோப்புத் தண்ணி கொண்டாரும்."

கொண்டுவந்து கொடுத்தேன். ஊற்றினார். தட்டினார். கட்டையோடு கழற்றித் தலைகீழாகப் பிடித்து உலுக்கினார். பாடம் நடத்திய மூளை, கட்டை உள்ளே மாட்டிக்கொண்டதைக் கண்டுபிடிக்க ஒரு தம்ளர் சோப்புத் தண்ணீர் செலவானது. கண்டுபிடித்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். வெட்டி எடுத்தால் செம்பு போய்விடும். இன்னொன்று செய்யத் தகடும் இல்லை, நாளும் இல்லை. அந்த நேரம் பார்த்து நாசரேத்திலிருந்து மகள் போன் பண்ணினாள். எடுக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என் மனைவி டீயோடு வந்தாள். அண்ணன் முகத்தைப் பார்த்தாள், மடியிலிருந்த செம்பைப் பார்த்தாள்.

"ஏளா, கட்டை வெளியே வர மாட்டேங்கு" என்றார் மச்சான். சின்னப் பிள்ளை சொல்வது போல இருந்தது.

அவள் டீயை வைத்துவிட்டு, அடுப்படிக்குப் போகும்போது என்னைக் கண்ணால் கூப்பிட்டாள். அலமாரியிலிருந்த அலுமினியச் செம்பை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"துண்டு துண்டா கட்டை செஞ்சீங்களே, ஒரு மாசம் கெடந்து. ஒங்களுக்குத் தெரியும்லா?"

"சொல்ல வந்தேன். அவருதான் பேச விடல."

"ரெண்டு நாளாவா?"

சனிக்கிழமை காலையிலிருந்து நான்தான் குடைந்தேன். வாயில் துருத்திக்கொண்டிருந்த கட்டையை அறுத்துவிட்டு, அதன் வழியே டிரில்லை இறக்கி, பிறகு வளைந்த உளியால் ஓரத்து மரத்தைச் சீவிச் சீவி எடுத்தேன். உளி ஒரு நூல் தப்பினால் தகடு கிழியும். மூச்சை அடக்கி அடக்கிச் செய்தேன். மச்சான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வாயைத் திறக்கவில்லை. பொழுது சாயும் நேரம் உளியில் மரம் எதுவும் படவில்லை. மச்சான் செம்பை வாங்கிப் பார்த்து, "பரவால்ல" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முன் கோயில் வாசலில் அவரைச் சுற்றி நாலைந்து பேர்.

"கட்டைய உள்ளேயே வச்சுச் செய்யணும். பொறவு குடைஞ்சு எடுக்கணும். அதுதான் மெத்தட்" என்றார். தலையாட்டினார்கள். பிறகு என்னைக் கை காட்டினார். "குடைஞ்சது எம் மாப்ள. சொன்னதக் கரெக்டா செய்வாரு."

பாஸ் மார்க் போட்டுவிட்டார். வெறும் வாயால் வாழ்ந்த மனிதர், வெட்கம் கிடையாது என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு மட்டும் அது நிறைய இருக்கிறது போல.

உள்ளே உட்கார்ந்ததும் அடுத்த கவலை பிடித்துக்கொண்டது. எத்தனை தடவை கழுவினேன்? ஐந்தா, ஆறா? கழுத்து மடிப்பில் மரச்சீவல் இருந்தால்? போதகர் குழந்தையை வாங்கி, செம்பைச் சாய்த்தார். தண்ணீர் சுத்தமாகத்தான் விழுந்தது. மூன்றாவது முறை ஊற்றும்போது நகத்துணுக்கு அளவில் ஒரு சீவல் வந்து ஈரத் தலைமுடியில் ஒட்டியது. போதகர் பெருவிரலால் அதை எடுத்துவிட்டு ஜெபத்தைத் தொடர்ந்தார். குழந்தை வீறிட்டது.

முன் வரிசையிலிருந்து மச்சான் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் சொல்லாமல் விட்டது அவருக்குத் தெரியாது. தெரிந்தவள் பெண்கள் பக்கம் உட்கார்ந்து போதகரின் பெருவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.