மேல் வால்வை மூடியது யார்?

இதை நீங்கள் நம்ப வேண்டும் என்று எனக்கு ஒரு கட்டாயமும் இல்லை. பேய் என்று யாராவது ஆரம்பித்தால் முதலில் நக்கலடிக்கிறவன் நான்தான். ஆனால் போன மார்கழியில், பட்டப்பகலில், என் காதால் கேட்டதை எப்படி இல்லை என்று சொல்வது?

எனக்கு ஊர் பதுளை. தோட்டம் தோட்டமாகப் போய் வால்வு பழுது பார்ப்பது தொழில். அன்று பசறைப் பக்கம் வேலை. அந்தத் தோட்டத்தில் மலை மேல் ஒரு தண்ணீர்த் தொட்டி. அதிலிருந்து பெரிய குழாய் ஒன்று கீழே இறங்குகிறது. அந்தத் தண்ணீர் வேகத்தில்தான் டர்பைன் சுற்றித் தேயிலை ஃபெக்டரிக்குக் கரண்ட் வருகிறது. குழாயின் அடியில் இருக்கும் வால்வு ஒழுகியது. கழற்றித் தூக்கிப் போகிற சாமான் இல்லை அது. குழிக்குள் இறங்கி, மூடியைத் திறந்து, தோள்வரை கையை விட்டு உள் வளையத்தைத் தேய்க்க வேண்டும். அதற்கு முன் மேலே தொட்டியடியில் இருக்கும் வால்வை மூடியாக வேண்டும். மூடாவிட்டால் மலைத் தண்ணீர் மொத்தமும் என் மேல்தான். ஆள் மிஞ்ச மாட்டேன்.

மேலே மூடுவது ஜெயரூபன் வேலை. என்னோடு வேலை செய்கிறவன். அவன் மேல் ரோட்டு வழியாக நேரே தொட்டிக்குப் போய்விடுவான். அங்கே போனுக்கு சிக்னல் கிடையாது. அதனால் ஸ்பேனரால் குழாயில் தட்டிப் பேசிக்கொள்வோம். இரும்பு சத்தத்தைக் கடைசிவரை கொண்டு போகும். இரண்டு தட்டு என்றால், மூடியாச்சு. ஒரு தட்டு, இருக்கேன். விடாமல் தட்டினால், வெளியே ஓடு.

நான் போய்ச் சேரும்போது ஒரே பனிமூட்டம். குழிக்கு வெளியே எதுவும் தெரியவில்லை. குழிக்குள் இறங்கி, மூடியாச்சா என்று இரண்டு தட்டு தட்டிக் கேட்டேன். 

டங்... டங்...

மூடியாச்சு. வடிகுழாயைத் திறந்தேன். தண்ணீர் வடிந்து நின்றது. மூடியைக் கழற்றிக் கையை உள்ளே விட்டேன்.

தனியாகச் செய்கிற வேலை மனதை என்னவோ செய்யும். வீட்டுக்காரி குவைத்துக்குப் போன பிறகு எனக்குப் பேச்சுத்துணைக்கே ஆள் இல்லை. அன்று அந்தக் குழிக்குள் அழுகை வருகிற மாதிரி இருந்தது. சும்மா ஒரு தட்டு தட்டினேன்.

டங்...

உடனே பதில். மனது லேசானது. ஜெயரூபனுக்கு இவ்வளவு பொறுமையா என்று சிரிப்பும் வந்தது. தேய்ப்பேன், தட்டுவேன். பதில் வரும். ஒரு தடவைகூடத் தவறவில்லை.

பிறகு நான் தட்டாமலே வந்தது.

டங்...

பதிலுக்குத் தட்டினேன். மறுபடி வந்தது. கொஞ்சம் பலமாக.

சரிடா, கேட்குது என்று முணுமுணுத்தேன்.

திடீரென்று...

டங் டங் டங் டங் டங்...

விடாமல்.

கையை உருவினேன். ஏணியில் தாவி வெளியே விழுந்தேன்.

அடுத்த நொடி குழாய் உறுமியது. திறந்து கிடந்த வால்விலிருந்து தண்ணீர் பீறிட்டு, குழி நிறைந்து வழிந்தது.

பயம் போய்க் கோபம் வந்தது. பக்கத்துப் படிக்கட்டில் மூச்சு வாங்க மேலே ஏறினேன். தொட்டியடியில் ஜெயரூபன் நின்றான். தோளில் பை அப்படியே இருந்தது.

"எதுக்குடா தொறந்த? என்னைக் கொல்லப் பாத்தியா?"

"நான் எங்கண்ணே தொறந்தேன்? வழியில மண்ணு சரிஞ்சு பஸ்ஸு நின்னுருச்சு. நடந்தே வாறேன். இப்பத்தான் வந்து நிக்கிறேன்."

"அப்ப மூடினது யாரு?"

அவன் வால்வுச் சக்கரத்தைக் காட்டினான். முழுதாகத் திறந்திருந்தது. அதன் கம்பிகளுக்கு நடுவே சிலந்தி வலை. பனித்துளி கோத்து, ஓர் இழைகூட அறாமல் இருந்தது. அன்று யாரும் அந்தச் சக்கரத்தைத் தொடவே இல்லை.

ஜெயரூபன் அதை மூடினான். நான் என் சாமான்களை எடுக்கக் கீழே இறங்கினேன். மூட்டம் விலகியிருந்தது. அப்போதுதான் குழாயை முழுதாகப் பார்த்தேன்.

முந்தின மழையில் இரும்புக் குழாய் உடைந்து போயிருக்கிறது. தோட்டத்தில் அதற்குப் பதிலாகக் கறுப்பு பிளாஸ்டிக் குழாய் போட்டிருந்தார்கள். தொட்டியிலிருந்து குழிக்குப் பக்கம் வரை பிளாஸ்டிக்தான்.

கத்தினால் அவ்வளவு தூரம் கேட்காது. ஸ்பேனரை ஆட்டி, தட்டச் சொல்லி ஜெயரூபனுக்குச் சைகை காட்டினேன்.

அவன் கை ஓங்கித் தட்டுவது தெரிந்தது. குழாயில் காதை வைத்தேன்.

ஒன்றும் கேட்கவில்லை.

மிச்சமிருந்த இரும்பு, குழியின் விளிம்பில் ஒரு முழத்துண்டு மட்டும்தான். அன்று எனக்குப் பதில் சொன்னது மலை மேல் இல்லை. அந்தத் துண்டுக்குப் பக்கத்தில், என் தலைக்கு நேர் மேலே குனிந்து நின்று தட்டியிருக்கிறது.